கை நடுங்காத மாப்பிள்ளை

காப்பி கலக்குவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வரிசையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், "ஐயாத்துரை அண்ணனக் கூப்பிடுங்க, அவரு கை பட்டாத்தான் காப்பி" என்று ஆள் அனுப்புவார்கள். என் மனைவி புஷ்பராணிக்கு இதில் பெருமை பாதி, எரிச்சல் பாதி. மற்ற வேலைக்குக் கூப்பிட்டால் காது கேட்காத மனுஷன் காப்பி என்றால் மட்டும் எழுந்து ஓடுகிறாரே என்பாள்.

இன்ஸ்பெக்டர் கமாலுதீன் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். முதலில் மலாயில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தேன், லீவுக் கடிதம் மாதிரி வந்தது. சரி, உங்களுக்கு வசதியான மொழியில் எழுதுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றார். அந்த ஆளுக்கு ஒரு வேண்டுகோள்: என் வாக்கியங்களைச் சுருக்க வேண்டாம். ஐந்து நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் சரியில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து சுவர் வரை போய் வருகிறேன். இருப்புக் கொள்ளவில்லை. இதைக் குற்ற உணர்ச்சி என்று யாரும் குறித்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த உடம்பு இது.

என் வேலை பல்கலைக்கழகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, எடை பார்ப்பது, ஊசி போடுவது, ஒவ்வொரு கூண்டுக்கும் அட்டை எழுதித் தொங்கவிடுவது. நச்சு மருந்து அலமாரியின் சாவியும் என் இடுப்பில்தான். டாக்டர் நோர்மா எங்கள் ஆராய்ச்சித் தலைவி. மூளையைக் கெடுத்துக் கை கால்களை நடுங்க வைக்கும் நஞ்சு சிலரைப் பிடிக்கிறது, சிலரை விட்டுவிடுகிறது. அது ஏன் என்பதுதான் அவர் கேள்வி. அவர் படித்துப் பட்டம் வாங்கி வருவதற்கு முன்பே எனக்கு இருந்த கேள்வி அது.

என் அக்கா பத்மாவதிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கல்யாணம். அத்தான் பட்டர்வொர்த்தில் ரயில்வே கிளார்க். பெண் கொடுக்குமுன் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் விசாரிப்பதுபோல உலகத்தில் யாரும் விசாரிக்கமாட்டார்கள். அங்கே எந்த ஊர், எந்தக் கோயிலடி, பாட்டன் யார், பாட்டனுக்குத் தம்பி இருந்தாரா, இருந்தால் ஏன் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, இப்படிக் கேட்டுக் கேட்டு அத்தானின் நான்கு தலைமுறையைத் தோண்டிப் போட்டார்கள். அவருடைய கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. இரண்டே வருடத்தில் வலது கை ஆட ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வயதில் சட்டைப் பொத்தான் போட முடியாது. அக்கா பத்தொன்பது வருடம் அவருக்குச் சோறு ஊட்டினாள். அவர் போன மறுவருடமே அவளும் போய்விட்டாள். எட்டாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு கிழவர் சாவகாசமாகச் சொன்னார், தைப்பிங்கில் அத்தானின் பெரியப்பாவுக்கும் இதே வியாதிதானாம். எல்லாருக்கும் தெரியுமாம். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு ஒரே மகள், யோகலட்சுமி. பீச் ஸ்திரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அவளை என் அக்கா மாதிரி ஒரு நடுங்கும் கைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான் செய்தது எல்லாமே அதற்குள் அடங்கும்.

எலிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களிடம் இரண்டு இனம்: கருப்பு, வெள்ளை. ஒவ்வொரு இனத்திலும் அண்ணன் தங்கையையே இருபது தலைமுறைக்குச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் எல்லா எலியும் ஒரே எலி மாதிரி ஆகிவிட்டவை. டாக்டர் நோர்மா இதை முதலில் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பினாங்கில் எங்கள் ஆட்களுடைய கல்யாணப் பத்திரிகைகளை அவருக்குக் காட்டியிருக்கலாம்.

நச்சு அலமாரியின் இரண்டாம் தட்டுப் போத்தலில் ஒரு வெள்ளைப் பொடி. பெயர் எழுதமாட்டேன், இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். அதைக் கருப்பெலிக்கு ஒரு அளவு கொடுத்தால் சில நாளில் மூலையில் போய் நின்று நடுங்கும். தீனியைக் கண்ணால் பார்க்கும், போகாது. வெள்ளெலிக்கு அதே அளவு கொடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். "பாருங்க என்சே ஐயாத்துரை, ஒரே பவுடர், ஒரே அளவு. இது மட்டும் ஓகே லா," என்று டாக்டர் நோர்மா கூண்டுக்கு முன் நின்று அதிசயப்படுவார். மலாயில் 'என்சே' என்றால் நம் 'ஐயா' மாதிரி. நான் அதிசயப்படவில்லை. இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை வாயால் கேட்டால் பொய் சொல்வார்கள். பொடியால் கேட்டால் பொய் வராது. இது என் மனதில் வந்து உட்கார்ந்தது எண்பத்தெட்டு வாக்கில்.

எண்பத்தொன்பதில் விநாசித்தம்பி அண்ணர் முதல் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசியவர் அவர்தான். பையன் சுங்கைப் பட்டாணியில் பாங்க் உத்தியோகம். நல்ல உயரம், நல்ல பேச்சு. மூன்று முறை வந்தான். மூன்று முறையும் நான்தான் காப்பி கலக்கினேன். அதற்குப் பிறகு கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் மோர்க் குவளையை வாங்கினான், குவளை ஆடியது. லேசாகத்தான். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் விநாசித்தம்பி அண்ணரிடம் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடத்தில் அவன் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. கையெழுத்து ஒருநாள் மாதிரி ஒருநாள் வரவில்லையாம். முப்பத்தொரு வயது. கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. என் மகள் தப்பினாள்.

அந்தக் காப்பியில் சர்க்கரையோடு என்ன போட்டேன் என்பதை இனிச் சொல்லவேண்டியதில்லை.

பையனைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்வீர்கள். யோசித்துப் பாருங்கள். அவன் வெள்ளெலியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்து வருடம் கழித்து ஒரு பெண்ணின் மடியில் வந்து விழவேண்டியதை நான் முன்னாலேயே வெளியே வரவழைத்தேன். இல்லாததை நான் உள்ளே வைக்கவில்லை. அப்படித்தான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதுமட்டுமல்ல, வேறொருவனுக்குக் கொடுக்கும் எதையும் நான் முதலில் என்மேல் பார்க்காமல் விட்டதில்லை. அவன் வருவதற்கு முன்பே நான்கு ஞாயிற்றுக்கிழமை நானே குடித்தேன். ஒரு மாதம் கண்ணாடி முன் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது. எங்கள் இரத்தம் சுத்தம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தத் திருப்தியில் புஷ்பராணிக்கு ஒரு புடவைகூட வாங்கிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றொன்று பிப்ரவரியில் குலசேகரம் வந்தார். கெப்பாலா பத்தாஸ் அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர். விதவைத் தாய்க்கு ஒரே மகன். ஞாயிறுதோறும் ஃபெரியில் வந்து, கரையிலிருந்து டாக்சி பிடித்து, கையில் ஒரு பழப் பையோடு எங்கள் கேட்டுக்கு முன்னால் இறங்குவார். யோகாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. சனிக்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவாள். எனக்கும் பிடித்தது. பிடித்ததனால்தான் பயம் அதிகமானது. பல் டாக்டர் கை. ஆடினால் அவர் பிழைப்பும் போகும், என் மகளும் போவாள்.

ஞாயிறு வந்தால் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. காலையிலிருந்து சந்துக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அவர் வந்து, குடித்து, ஒரு மணி நேரம் கழிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்வேன். "தம்பி, இந்த ஊசியில கொஞ்சம் நூல் கோத்துக் குடுங்க, ஆன்ட்டிக்குக் கண்ணு சரியா தெரியல."

"குடுங்க அங்கிள்," என்பார். ஒரே தரம். நூல் உள்ளே போய்விடும்.

புஷ்பராணிக்கு எரிச்சல். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வாரா வாரம் என்னக் கிழவியாக்குறாரு இந்த மனுஷன்."

எட்டு வாரம் அப்படிப் போனது. கை அசையவே இல்லை. வெள்ளெலி என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். அவர் காப்பியைப் பாதியோடு வைத்துவிடுவார். பல் டாக்டர் இல்லையா, என் காப்பியில் சர்க்கரை அதிகமாம். பாதி குடித்தவனிடம் முழுப் பதில் எப்படி வரும்? அளவைக் கூட்டினேன்.

மிச்சப் பாதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். ஏப்ரலில் ஒருநாள் புஷ்பராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி என்னை அடுப்படிப் பக்கம் இழுத்தாள். "சத்தம் போடாம பாருங்க உங்க பொண்ண. அவரு வச்ச மிச்சத்தக் குடிக்கிறா. இனிமே ஜாதகம் எதுக்குலா?" யோகா சிங்கிற்கு முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, அந்த ஆறிப்போன காப்பியை மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண் ஒருவன் எச்சிலைக் குடித்தால் எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம். புஷ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றே நிறுத்தியிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நிறுத்தினால் குலசேகரத்தின் பதில் பாதியில் நின்றுவிடும். தவிர, யோகா என் இரத்தம். நான் குடித்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. ஒரே இனம், ஒரே கூண்டு. எனக்கு ஆகாதது அவளுக்கு எப்படி ஆகும்? அடுத்த ஞாயிறும் கலக்கினேன்.

ஜூனுக்கு முன்பு எங்கள் கூண்டுகளில் ஒரு பெண் எலி கிடையாது. ஆறு வருடமாக ஆண் எலிதான். பெண் எலிக்கு நாலைந்து நாளைக்கு ஒரு சுற்று உண்டு, உடம்பு நாளுக்கு நாள் மாறும், கணக்குக் குழம்பும், விட்டுவிடு என்று புத்தகத்தில் இருந்தது, விட்டுவிட்டோம். டாக்டர் நோர்மாவுக்குத்தான் ஒருநாள் திடீரென்று கோபம் வந்தது. "ஆஸ்பத்திரி போய்ப் பாருங்க என்சே, நடுங்குறவங்கள்ல எத்தன பொம்பளைங்க. நம்ம கூண்டுல ஒரு பொம்பளகூட இல்ல. இந்த வாட்டி கருப்புல பொட்ட எலி போடுங்க."

போட்டேன். எங்கள் கருப்பில் ஆண் எலியைவிடப் பெண் எலி சீக்கிரம் விழுந்தது. ஆணுக்கு ஒன்றும் செய்யாத சின்ன அளவுகூடப் பெண்ணை மூலையில் நிறுத்தியது. ஒரே தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்த குட்டிகள்தான். ஆண் ஓடும், பெண் நிற்கும். அட்டைகளை எழுதியது நான். ஜூன் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. எழுதி முடித்து, கை கழுவி, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். காலி இடம் இருந்தது.

அதற்குப் பிறகும் ஏழு ஞாயிறு காப்பி கலக்கினேன்.

ஏன் என்று ஐந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் அதற்கு ஒரு காரணம் இருந்ததாக ஆகிவிடும். காரணம் இருந்தால் அதுவரை போட்டது தப்பாகிவிடும். அது எலி, இவள் என் மகள். இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலையில் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே, "விரல் நான் சொல்றதக் கேக்கவே மாட்டேங்குதுப்பா. டைப் பண்ணா எல்லாம் மிஸ்டேக். லாயர் ஏசுறாரு லா," என்றாள்.

"மெஷின் பழசாயிருக்கும். எண்ணெய் போடச் சொல்லும்மா," என்றேன்.

ஆகஸ்டில் தலை பின்ன முடியவில்லை. புடவைக்கு ஊக்கு குத்த அம்மாவைக் கூப்பிட்டாள். நடக்கும்போது இடது கை வீசாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. முகத்தில் சிரிப்பு தாமதமாக வந்தது. முதலில் கவனித்தது நான் அல்ல, குலசேகரம் என்று போலீஸ் எழுதியிருக்கிறது. அது சரியல்ல. முதலில் கவனித்தது நான். முதலில் வாயைத் திறந்தது அவர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். இருபத்தாறு வயதில் இது இப்படித் திடீரென்று வராது, வீட்டில் யாராவது மருந்து, பூச்சிகொல்லி, ரசாயனம் என்று புழங்குகிறார்களா என்று டாக்டர் கேட்டாராம். குலசேகரம் யோசித்திருக்கிறார். நேராக டாக்டர் நோர்மாவிடம் போயிருக்கிறார்.

டாக்டர் நோர்மா போத்தலை நிறுத்துப் பார்த்துவிட்டு என் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாலு கூண்டு அட்டை. முதல் அட்டை ஐயாத்துரை, ஆண், ஐம்பத்து மூன்று. இரண்டாவது சுங்கைப் பட்டாணிப் பையன். மூன்றாவது குலசேகரம். நாலாவது யோகலட்சுமி, பெண், இருபத்தாறு. அதில் முதலில் எழுதிய தேதி ஏப்ரல் பதினான்கு, சித்திரை வருடப் பிறப்பன்று. நான் அடுப்படியில் நின்று அவள் குடித்ததைப் பார்த்த நாள். அதிலிருந்து வாராவாரம்: எவ்வளவு மிச்சம் வைத்தார், எவ்வளவு இவளுக்குப் போனது, நூல் கோத்தாளா, எத்தனை தடவையில் கோத்தாள். பெற்ற மகளுக்கு ஏன் அட்டை போட்டீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்கு அட்டை போடாமல் ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. அதுதான் உண்மை. டாக்டர் நோர்மா அந்த நாலாவது அட்டையைக் கடைசி வரி வரை படித்தார். வெளியே போய் வாந்தி எடுத்தார்.

மூளைக்குள் செத்தது மறுபடி முளைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கை கேட்கும், பிறகு கேட்காது. புஷ்பராணி ஊட்டிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குலசேகரம் வந்து ஊட்டுகிறார். அவர் கை இப்போதும் ஆடவில்லை.

இத்தனை நாள் பேசாதவன் ஏன் இன்று எழுதுகிறேன் என்றால், நேற்று விநாசித்தம்பி அண்ணர் என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பி, பையன் கட்டிக்கிறேன்னுதான் சொல்றாரு. அவரு அம்மாதான் ஒரே பிடியா நிக்கிறாங்க."

"என்ன சொல்றாங்கண்ணே?"

"போலீஸ் கதைய அவங்க நம்பல. எந்த அப்பனாச்சும் பெத்த புள்ளைக்குக் குடுப்பானா, இது பரம்பர வியாதி, அத மூடி மறைக்கத்தான் மருந்து கிருந்துன்னு கத கட்டுறாங்கன்னு சொல்றாங்க. உங்க அத்தான் சங்கதியும் அவங்க காதுக்குப் போயிருச்சு. எங்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லு. உங்க வீட்டு ரத்தத்துல இது இருக்கா?"

இந்த ஐந்து நாளில் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அத்தான் எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர். அவர் இரத்தம் வேறு, எங்கள் இரத்தம் வேறு. இதுகூடத் தெரியாமல் ஒரு அம்மாள் கெப்பாலா பத்தாஸில் உட்கார்ந்துகொண்டு என் மகளைப் பழுது என்கிறார். இரவெல்லாம் நடந்தேன். விடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம் தாள் கேட்டேன்.

ஆகவே, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். சுங்கைப் பட்டாணிப் பையனுக்கு நச்சுப் பொடியைக் காப்பியில் கலந்து கொடுத்தது நான். குலசேகரத்துக்குக் கொடுத்தது நான். அவர் வைத்த மிச்சத்தை என் மகள் குடிக்கிறாள் என்று தெரிந்து, பெண் உடம்பு தாங்காது என்று எலிகளில் பார்த்த பிறகும், நிறுத்தாமல் கொடுத்தது நான். யோகலட்சுமியின் நடுக்கம் முழுக்க முழுக்க என் கையால் வந்தது. பிறப்பில் வந்தது ஒரு துளிகூட இல்லை.

யோகா என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்றார்கள். கல்யாணம் நெருங்கும் பெண்ணுக்கு ஆயிரம் யோசனை இருக்கும். இன்ஸ்பெக்டர் இதன் பிரதி ஒன்றில் முத்திரை குத்தி, கெப்பாலா பத்தாஸில் குலசேகரத்தின் தாயாருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.